கழித்துப்போடும் உரிமை

2023 டிசம்பர் 6ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பகுதிநேர வேலை, முதலீடு என்று ஆசை காட்டிப் பணம் பறித்துவந்த நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியிருப்பதாகச் செய்தி. மோசடி எப்படி நடக்கிறது என்பதையும் அந்த அறிவிப்பு படிப்படியாகச் சொல்லியிருந்தது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் கும்பல்கள் கூகுளிலும் மெட்டாவிலும் காசு கொடுத்து விளம்பரம் செய்கின்றன. வீட்டிலிருந்தே வேலை, வீட்டில் இருந்தபடி சம்பாதிப்பது எப்படி என்று மக்கள் தங்கள் மொழிகளில் தேடும் சொற்களையே தூண்டில் ஆக்குகின்றன. அவர்கள் குறிவைப்பது ஓய்வுபெற்றவர்களை, பெண்களை, வேலை கிடைக்காத இளைஞர்களை.

இப்படிப் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் 'பேராசை' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை நான் ஏற்கவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரம் சம்பளமில்லாமல் உழைக்கிற ஒருத்திக்கு மிச்சமிருக்கும் நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். உலை கொதிக்கும்வரை இருபது நிமிடம், பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும்வரை ஒரு மணி நேரம். அந்தத் துண்டுகளைக் காசாக்க வழி உண்டா என்று கையிலிருக்கும் போனில் தேடுவது பேராசை ஆகாது. வெளியே போய் வேலை பார்க்க முடியாதவரின் நியாயமான கேள்வி அது. அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஆன்லைன் சர்வே, டேட்டா என்ட்ரி, கேப்ட்சா அடித்தல், படத்துக்குக் குறிச்சொல் போடுதல் என்று பல பெயர்களில் விளம்பரம் ஆனாலும், இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது துண்டுக் கூலி. எத்தனை முடித்தாயோ அத்தனைக்குக் காசு. இதில் கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முடித்துக் கொடுத்த வேலையை 'இது ஆகாது' என்று கழித்துப்போடும் உரிமை யாரிடம் இருக்கிறது? கழித்துப்போட்டால் செலவழித்த நேரம் யார் தலையில் விழுகிறது?

சர்வேயிலிருந்து தொடங்கலாம். சோப்பு விற்கும் ஒரு நிறுவனத்துக்கு, நகரத்தில் வாழும் 25 முதல் 34 வயதுக்குட்பட்ட, துணி துவைக்கும் இயந்திரம் வைத்திருக்கும் ஆயிரம் பெண்களின் கருத்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது ஓர் ஆய்வு நிறுவனத்திடம் போகிறது. ஆய்வு நிறுவனம், பதில் சொல்பவர்களைப் பட்டியலாக வைத்திருக்கும் பேனல் நிறுவனத்திடம் வாங்குகிறது. அந்தப் பேனலில் ஆள் போதாவிட்டால் அது இன்னொன்றிடம் வாங்கும். சோப்புக்காரர் கொடுத்த பணம் இத்தனை கை மாறி, கடைசியில் பதில் சொல்லும் பெண்ணிடம் புள்ளிகளாகவோ பரிசுக் கூப்பனாகவோ வந்து சேர்கிறது. ஒரு குறிப்பிட்ட தொகை சேரும்வரை எடுக்கவும் முடியாது. கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் இந்தியாவில் தருவது பிளே ஸ்டோரில் செலவழிக்கும் இருப்பை. அதைக் கொண்டு அரிசி வாங்க முடியாது.

தொகை குறைவு என்பதைவிடத் தகுதிநீக்கம்தான் இதில் பெரிய அடி. வயது, ஊர், வருமானம், வீட்டில் எத்தனை பேர், என்ன வண்டி, எந்த வங்கி என்று ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, 'நன்றி, நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை' என்று மூடிவிடும். தேவைப்பட்ட ஆயிரம் பேரும் கிடைத்துவிட்டால் பாதியிலும் மூடும். அந்த ஐந்து நிமிடத்தில் சொன்ன விவரங்கள் அவர்களிடம் தங்கிவிடுகின்றன. சொன்னவருக்கு ஒன்றும் இல்லை, சில தளங்களில் ஒன்றிரண்டு பைசா பெறுமானமுள்ள புள்ளி கிடைக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் உதாரணம். உங்கள் அனுபவத்திலுள்ள எண்களை இட்டு நிரப்பிக்கொள்ளலாம். பதினைந்து நிமிட சர்வேக்கு 30 ரூபாய் என்றால், மணிக்கு 120 ரூபாய் போலத் தோன்றும். அதற்கு முன் மூன்று சர்வேக்களில் தலா ஐந்து நிமிடம் பதில் சொல்லித் தகுதிநீக்கம் ஆனது பதினைந்து நிமிடம். மின்னஞ்சலைத் திறப்பது, தளத்தில் தேடுவது, ஓ.டி.பி.க்குக் காத்திருப்பது பத்து நிமிடம். மொத்தம் நாற்பது நிமிடத்துக்கு 30 ரூபாய், அதாவது மணிக்கு 45. தமிழ்நாட்டில் 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலையின் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறத்தாழ 40. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நூறு நாள் வேலைக்குப் போனால் அன்றைய நாள் முழுதும் வேலை. சர்வேயோ எட்டு மணி நேரத்துக்குத் தொடர்ந்து வராது. மூன்று வந்தால் அது நல்ல நாள்.

இந்தக் 'கணக்கில் வராத நேரம்' ஆய்வாளர்கள் உலகளவில் அளந்து பார்த்த விஷயம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ., இத்தகைய நுண்பணிகளைத் தரும் ஐந்து ஆங்கிலத் தளங்களில் 75 நாடுகளைச் சேர்ந்த 3,500 பேரிடம் விசாரித்து 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கூலி கிடைத்த நேரத்தை மட்டும் கணக்கிட்டால் 2017இல் சராசரி வருமானம் மணிக்கு 4.43 டாலர். வேலை தேடுவது, தகுதித் தேர்வு எழுதுவது, வேலை கொடுத்தவர் நம்பகமானவரா என்று விசாரிப்பது போன்ற கூலியற்ற நேரத்தையும் சேர்த்தால் அது 3.29 ஆக இறங்கியது. கூலி கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இருபது நிமிடம் வெறும் உழைப்பு. இது சராசரி. வரிசையின் நடுவில் நிற்பவருக்கு, எல்லா நேரத்தையும் சேர்த்தால், மணிக்கு 2.16 டாலர்தான். பாதிப் பேர் அதற்கும் கீழே.

இந்தத் தளங்களில் மூத்தவற்றுள் ஒன்று அமேசான் 2005இல் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க். இந்தியாவுக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆரம்பத்தில் அமெரிக்கர்கள் நிறைந்திருந்த அந்தத் தளத்தில், 2010ஐ ஒட்டி நடந்த ஆய்வுகளின்படி, வேலை செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு இந்தியர்கள். 2018இல் வெளியான மற்றொரு ஆய்வு 2,676 பேர் செய்த 38 லட்சம் சிறுவேலைகளின் பதிவுகளை எடுத்து நேரத்தைக் கணக்கிட்டது. நடுமட்ட வருமானம் மணிக்கு ஏறக்குறைய 2 டாலர். அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர். வேலை கொடுப்பவர்கள் எல்லோரும் கஞ்சர்கள் அல்லர்; சராசரியாக மணிக்கு 11 டாலருக்கு மேல் தருபவர்கள்தான். ஆனால் குறைந்த கூலிக்கு வேலையைக் குவித்துப் போடுகிற சிலர் இருக்கிறார்கள், தளத்தில் கண்ணில் படும் வேலையில் பெரும்பகுதி அவர்களுடையதாக ஆகிவிடுகிறது. தேடித் திரியும் நேரமும், நிராகரிக்கப்பட்ட வேலையும், முடிக்காமல் விட்ட வேலையும் சேர்ந்து மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன.

நிராகரிப்பு அங்கே எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வேலை கொடுத்தவர் முடித்துத் தந்ததைப் பார்த்துவிட்டு 'நிராகரிக்கிறேன்' என்று அழுத்தினால் கூலி இல்லை. செய்து கொடுத்த வேலையோ அவரிடமே இருக்கும். அவர் அதைப் பயன்படுத்தலாம், தடுப்பார் இல்லை. நிராகரிப்பு கூடக் கூடத் தொழிலாளியின் ஏற்பு விகிதம் குறையும். விகிதம் குறைந்தால் நல்ல வேலைகள் அவர் கண்ணிலேயே படாது. மேல்முறையீட்டுக்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லாததால்தான் ஆய்வாளர்களான லில்லி இரானியும் சிக்ஸ் சில்பர்மனும் டர்காப்டிகான் என்றொரு கருவியை உருவாக்கினார்கள். வேலை கொடுப்பவர்களைத் தொழிலாளர்கள் மதிப்பிட்டு ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ள அது உதவியது. ஐ.எல்.ஓ. ஆய்வில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் தங்கள் வேலை நிராகரிக்கப்பட்டதாகவோ கூலி மறுக்கப்பட்டதாகவோ சொன்னார்கள். தங்களுக்கு நேர்ந்த நிராகரிப்புகள் எல்லாமே நியாயம் என்று ஒப்புக்கொண்டவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்.

வேலை கொடுப்பவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து பதில் சொல்வதுபோலக் காட்ட வி.பி.என். போடச் சொல்லித்தரும் வீடியோக்கள் நம் ஊரிலேயே உண்டு. அதை நம்பிப் போகிறவர்களின் கணக்கு ஒருநாள் மூடப்படும், சேர்ந்திருந்த தொகையும் அதோடு போகும். இது தனி ஆட்களோடு நிற்பதில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், போலிப் பதில்களை உண்மையான சர்வே முடிவுகளாக விற்று ஏறக்குறைய ஒரு கோடி டாலர் ஈட்டியதாக எட்டுப் பேர்மீது குற்றச்சாட்டு பதிவானது. இப்போது செயற்கை நுண்ணறிவே பதிலை எழுதித் தந்துவிடுகிறது. எனவே தளங்கள் சந்தேகத்தை இறுக்குகின்றன. அதில் நேர்மையாக உட்கார்ந்து பதில் சொல்பவரும் சேர்ந்து அடிபடுகிறார்.

டேட்டா என்ட்ரி வேறு கதை. அந்தத் தொழில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒருகாலத்தில் கௌரவமாக நடந்தது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் நூல்களையும் ஆய்விதழ்களையும் தட்டெழுதி, திருத்தி, பக்கம் அமைத்துத் தரும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தன. அதில் உச்சமான துல்லியம் வேண்டிய வேலைகளுக்கு 'இரட்டைத் தட்டச்சு' முறை. ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியாக அடிப்பார்கள். கணினி இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும். பழைய ஆங்கில அச்சு நூல்களை மின்வடிவாக்கிய ஒரு பெருந்திட்டத்தில் 20,000 எழுத்துக்கு ஒரு பிழைக்கு மேல் கூடாது என்பது நிபந்தனை. இப்படிப்பட்ட வேலை முகம் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் வராது. பயிற்சியும், மேற்பார்வையும், மாதச் சம்பளமும் உள்ள ஒரு கூடத்தில்தான் நடக்கும்.

இன்று அச்செழுத்தை மென்பொருளே படித்துவிடுகிறது. உலகப் பொருளாதார மன்றம் 2023இலும் 2025இலும் வெளியிட்ட வேலைகளின் எதிர்காலம் பற்றிய அறிக்கைகள் இரண்டும், வேகமாகக் குறையும் வேலைகளின் பட்டியலில் டேட்டா என்ட்ரி எழுத்தர்களை வைத்திருக்கின்றன. உண்மையான வேலை சுருங்கச் சுருங்க அதன் பெயரில் வரும் விளம்பரம் மட்டும் ஏன் பெருகுகிறது? பழைய கௌரவம் இன்னும் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை மோசடிக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

அவர்களின் வழக்கமான முறை இது. 'பக்கத்துக்கு இத்தனை ரூபாய், ஐந்து நாளில் ஐநூறு பக்கம்' என்று ஒருவர் அழைப்பார். ஆதார், புகைப்படம், கையெழுத்து வாங்கி ஓர் ஒப்பந்தம் மின்னஞ்சலில் வரும். அடிக்கக் கொடுக்கும் படங்கள் வேண்டுமென்றே மங்கலாக இருக்கும், கால அவகாசம் மனித விரல்களால் எட்டவே முடியாததாக இருக்கும். இரவெல்லாம் விழித்து முடித்து அனுப்பினால், 'துல்லியம் 90 விழுக்காட்டுக்குக் குறைவு, வேலை நிராகரிக்கப்படுகிறது' என்று பதில். அடுத்த நாள் வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பேசுவார். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நிறுவனத்துக்கு நஷ்டம், இத்தனை ஆயிரம் கட்டாவிட்டால் வழக்கு, கைது என்று மிரட்டுவார். இங்கே விற்கப்படுவது வேலையே அல்ல, நிராகரிப்புதான். மானத்துக்குப் பயந்து, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுவார்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் மூலதனம்.

அப்படிப்பட்ட நோட்டீஸ் வந்தவர்கள் ஒன்றை உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வழக்கறிஞரின் நோட்டீஸ் தீர்ப்பு ஆகாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று நீதிமன்றம்தான் முடிவு செய்யும். தட்டச்சில் பிழை செய்வது உரிமையியல் தகராறாக இருக்கலாமே தவிர, கைது செய்யத்தக்க குற்றம் அல்ல. பணம் கட்டாதீர்கள். அந்த எண்களையும் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருந்து காவல்துறையிடம் கொடுங்கள்.

இன்னொரு வகை, உள்துறை அமைச்சகம் விவரித்தது. வீடியோவுக்கு லைக் போடு, கூகுள் மேப்பில் ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடு என்று தொடங்கும். முதலில் நூற்றைம்பதோ இருநூறோ உண்மையிலேயே கணக்கில் ஏறும். பிறகு டெலிகிராம் குழு, அங்கே 'முன்பணம் கட்டிச் செய்யும் டாஸ்க்'. சிறிய தொகை கட்டினால் கூடுதலாகத் திரும்பும். பெரிய தொகை கட்டியதும் முடங்கும். எடுக்க வரி கட்டு, கட்டணம் கட்டு என்று இழுக்கும். இழந்த பணம் பல வங்கிக் கணக்குகளின் வழியே ஓடிவிடும். அந்தக் கணக்குகளில் சில, 'உங்கள் கணக்கில் வரும் பணத்தை அனுப்பினால் கமிஷன்' என்ற இன்னொரு வீட்டிலிருந்தே வேலையில் ஏமாந்தவர்களுடையவை. அவர்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் முதலில் வரும்.

திரைக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்து செய்தி அனுப்புகிறவர்களில் சிலரும் ஏமாந்து போனவர்களே என்பது இந்த விவகாரத்தில் என்னை மிகவும் வருத்துகிற செய்தி. தாய்லாந்தில், கம்போடியாவில் கணினி வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டிய மோசடிக் கூடங்களில் அடைத்து, பிறரை ஏமாற்றும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். மியான்மரின் மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். கம்போடியாவிலிருந்து ஏறத்தாழ 250 இந்தியர்கள் மீட்கப்பட்டதாக 2024 மார்ச் இறுதியில் வெளியுறவு அமைச்சகம் சொன்னது.

கேப்ட்சா அடிக்கும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது பல இடங்களில் உண்மையிலேயே கூலி தருகிறது. ஆனால் ஆயிரம் கேப்ட்சாவுக்கு ஒரு டாலர் அளவு, சில சமயம் அதிலும் பாதி என்ற விலை 2010இலேயே ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டது. பத்து விநாடிக்கு ஒன்று என்று ஓய்வின்றி அடித்தாலும் மணிக்கு 360. ஆயிரத்துக்கு ஒரு டாலர் கிடைத்தால்கூட 30 ரூபாய்ப் பக்கம்தான். அதை வாங்குபவர்களில் பலர் போலிக் கணக்குகளைத் தானாக உருவாக்கும் நிரல் வைத்திருப்பவர்கள். கண்ணைக் கெடுத்துக்கொண்டு அந்த வேலைக்குத் துணைபோக வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். வீட்டில் உட்கார்ந்து துண்டுக் கூலிக்கு உழைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் திண்ணையிலும் நடையிலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். பீடிக் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கிவந்து, சுற்றி, கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கடையில் பார்த்துச் சரியில்லாததைக் கழித்துப்போடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற அந்தக் கூலியும், கழித்துப்போட்டதை எதிர்த்து வாதாட முடியாத நிலையும், இணையத்தில் நடப்பதற்கு அச்சு அசலாகப் பொருந்தும்.

ஆனால் பீடி சுற்றுபவர்களுக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளியாகக் கணக்கில் எடுத்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு மருத்துவமனை எழுந்தது. பிறகு வருங்கால வைப்புநிதி பற்றிய கேள்வி. எங்கள் கண்காணிப்பில் இல்லாமல், தம் வீட்டில், தமக்குத் தோன்றிய நேரத்தில் வேலை செய்பவர் எப்படி எங்கள் தொழிலாளி ஆவார் என்று பீடி உற்பத்தியாளர்கள் கேட்டார்கள். 1985இல் பி.எம். பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் தெளிவானது: தரமில்லை என்று நிராகரிக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது, அதுவே போதிய கட்டுப்பாடு. துண்டுக் கூலித் தையல்காரர்கள் பற்றிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் இதே தர்க்கம் இருந்தது. கழித்துப்போடும் உரிமை வைத்திருப்பவர் முதலாளி. முதலாளியின் கடமைகளும் அவருக்கு உண்டு.

இந்தத் தர்க்கத்தை அப்படியே எடுத்து ஒரு சர்வே தளத்தின் முன்னாலோ, படக் குறிச்சொல் தளத்தின் முன்னாலோ வைத்துப் பாருங்கள். தங்களிடம் வேலை செய்பவர்கள் 'சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்' என்று அந்தத் தளங்கள் பதிவு செய்யும்போதே கையெழுத்து வாங்கிவிடுகின்றன. ஆனால் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை, எது ஏற்கப்படும், எதற்குக் கூலி இல்லை, யாருடைய கணக்கு மூடப்படும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அவைதாம். பீடிக் கடைக்காரர் கழித்த கட்டையாவது கண்முன்னே போட்டுக் காட்டுவார். தளம் அதையும் செய்வதில்லை.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வீட்டிலிருந்து பொருளோ சேவையோ உற்பத்தி செய்து தருபவரை 'வீட்டுசார் தொழிலாளி' என்று வரையறுக்கிறது. தளத் தொழிலாளிக்கும் தனி வரையறை உண்டு. தளங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நல நிதிக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையிலோ, தளத் தொழிலாளி என்றதும் அரசின் கண்ணுக்குத் தெரிபவர் உணவுப் பையோடு வண்டியில் போகிறவர்தான். அவருக்கு அந்த நிதியின் பலன் கிடைத்தே ஆக வேண்டும். சமையலறை ஓரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு இருப்பவர் தெருவில் நின்று போராட முடியாதவர் என்பதால் யார் கணக்கிலும் இல்லை. வீட்டுசார் வேலை பற்றிய ஐ.எல்.ஓ.வின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. தளத் தொழில் பற்றிய புதிய விதிகள் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாகவே வர வேண்டும் என்று 2025 ஜூனில் ஐ.எல்.ஓ.வின் ஜெனீவா மாநாட்டில் முடிவானது. அந்த விதிகளைப் பற்றிப் பேசும்போது இந்தியா வீட்டிலிருந்து செய்யும் நுண்பணியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நல்ல கூலி சாத்தியமே இல்லை என்பதும் சரியல்ல. பெங்களூருவின் கார்யா என்ற அமைப்பு, இந்திய மொழிகளில் குரல் பதிவு செய்வது போன்ற தரவு வேலைகளுக்கு மணிக்கு ஏறத்தாழ 5 டாலர் தரும் கொள்கையோடு நடக்கிறது. அந்தத் தரவு மறுபடி விற்றால் பங்கும் தருவதாகச் சொல்கிறது. வேலை எல்லா நாளும் இருக்காது, எல்லோருக்கும் கிடைக்காது. இருந்தாலும் மணிக்கு இவ்வளவு என்று பேச முடியும் என்பதற்கு அது சாட்சி. மல்லசமுத்திரத்திலும் சேலத்திலும் நெக்ஸ்ட்வெல்த் நிறுவனமும், ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடியிலும் மையம் அமைத்துத் தரவு வேலை தந்திருக்கின்றன. வீட்டைவிட்டுக் கொஞ்சம் நடந்துபோக முடிகிற பெண்களுக்கு, என் பார்வையில், சர்வே தளங்களைவிட இந்த வழி எத்தனையோ மேல். மாவட்டத்துக்கு மாவட்டம் இத்தகைய மையங்கள் வர அரசு முனைந்தால், டெலிகிராம் கும்பல்களுக்குப் பாதி இரை கிடைக்காது.

இப்போதே சர்வே செய்துகொண்டிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு மாதம் ஒரு நோட்டில் நேரத்தை எழுதுங்கள். தகுதிநீக்கமான நிமிடங்களையும், தேடிய நிமிடங்களையும் விடாதீர்கள். மாதக் கடைசியில் கையில் வந்த ரூபாயை மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் உங்களுக்குப் போதுமென்றால் தொடருங்கள், அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்த நேரத்தில் டேலி, தையல், தமிழ்த் தட்டச்சு என்று எதையாவது கற்க முடியுமானால் அதையும் எடைபோடுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம், பூட்டிய தொகையை எடுக்க வரி என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃப்ரீலான்ஸ் தளங்கள் சில விண்ணப்பத்துக்குச் சிறு கட்டணம் வாங்குவது உண்டு. ஆனால் சர்வேக்கோ டேட்டா என்ட்ரிக்கோ நாம் காசு கட்ட வேண்டிய நியாயம் எதுவும் இல்லை. வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930 எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்து நிறுத்துவதற்காகத்தான் அந்த எண் இருக்கிறது.

தமிழ்நாடு அரசிடம் ஒரு கோரிக்கை. 2023 சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் அறிவித்த கிக் தொழிலாளர் நல வாரியம், வண்டியோட்டுபவர்களோடும் உணவு கொண்டுசெல்பவர்களோடும் நிற்காமல், வீட்டிலிருந்து தளங்களுக்கு வேலை செய்பவர்களையும் உறுப்பினராகப் பதிவு செய்ய வேண்டும். இந்த மாநிலத்தில் செயல்படும் தளங்கள் ஒவ்வொன்றும், நிராகரித்த வேலைக்குக் காரணம் எழுதித் தர வேண்டும், நிராகரித்ததைப் பயன்படுத்தினால் கூலி தர வேண்டும், தகுதிநீக்கத்துக்கு முன் வாங்கிய நேரத்துக்கும் காசு கொடுக்க வேண்டும் என்று வாரியம் விதி கேட்க வேண்டும். பீடி சுற்றியவர்களுக்கு 1966இல் முடிந்தது, போனில் உழைப்பவர்களுக்கு இப்போது முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.